சுழி போட்ட விடைத்தாள்

ஐடென்டிஃபையபிள். ஏழாவது வார்த்தை. ஆறு வரைக்கும் அர்த்தம் எழுதி வாக்கியம் எழுதி ஜம்முனு வந்த பேனா, இந்த மூதேவி வார்த்தையில வந்து நின்னுட்டு. அர்த்தம் தெரியாமயா நிக்குது? இதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாட்டா இந்த ஹாலுல ஒருத்தருக்கும் தெரியாது. அடையாளம் காணத்தக்க. எழுதியாச்சு, ஒரு மார்க்கு. 'சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக'ன்னு போட்டிருக்கானே, அந்த ரெண்டு மார்க்குதான் கண்ணாமூச்சி காட்டுது. ரெண்டு மார்க்குதானட்டி ஆவுடை, விட்டுத்தள்ளிட்டு எட்டாவதுக்குப் போ. எப்படி விட? போன தடவை மூணு மார்க்குல போச்சு. அதுக்கு முந்தின தடவை காய்ச்சலோட வந்து எழுதிப் பதினொண்ணுல போச்சு. மூணு தடவைக்கு மேல எழுத விடமாட்டான், இது மூணாவது. இன்னைக்கு விட்டேன்னா ரிட்டையர் ஆகுற அன்னைக்கு வரைக்கும் நான் டீ வாங்கிட்டு வாரவதான், ஃபைல் தூக்குறவதான், 'ஏம்மா ஆவுடை, அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை'தான். பதினாறு வருஷம் ஆச்சு. எங்க வீட்டுக்காரவிய அதே ஆபீஸுல ஜூனியர் அசிஸ்டெண்டா இருந்தாவ. ஒரு திங்கக்கிழமை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சவிய எந்திரிக்கல. கருணை அடிப்படைன்னு எனக்கு ஆபீஸ் உதவியாளர் வேலை குடுத்தாவ. பத்தாவதுதான அப்ப. பிறகு வீட்டுல இருந்தே பன்னெண்டாவது எழுதி முடிச்சேன், தமிழ் டைப்பிங் முடிச்சேன். அவிய உக்காந்த நாற்காலியைப் பதினாறு வருஷமா நான் துடைக்கேன், ஒரு நாள் உக்காந்தது கிடையாது. இன்னைக்கு இந்தப் பதவி உயர்வுத் தேர்வுல பாஸானா அவிய பாத்த அதே வேலை எனக்கு. இம்புட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஒத்த வாக்கியத்துக்குத் திணறுதியே, வெக்கமா இல்ல?

இந்த வார்த்தையோட எட்டு மாசம் குடித்தனம் நடத்தினவ நான். முந்தின வருஷம் மழைக்கு ரெக்கார்டு ரூம் கூரை ஒழுகி, மூணு ரேக்கு பூராவும் நனைஞ்சு, லேபிள் எல்லாம் பிசுபிசுத்துக் கையோட வந்துட்டு. மேல எழுத்து இல்லாத இருநூத்திப் பன்னெண்டு ஃபைல் கட்டு. நடுவுல நடுவுல பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பிரிச்சா கிழியும். சூப்பரண்டு பால்துரை சார் மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து பாத்தாரு. ஒரு அட்டையில சிவப்பு மையில கொட்டை எழுத்துல 'நாட் ஐடென்டிஃபையபிள்'னு எழுதி ரேக்குல மாட்டச் சொன்னாரு. "மேலிடத்துக்கு எழுதிட்டு எரிச்சிரலாம், ஒண்ணும் தேறாது" ன்னாரு. அட்டையை மாட்டினது நான்தான். மாட்டிட்டு அதுக்கு என்ன அர்த்தம்னு டைப்பிஸ்ட் பிரிசில்லாகிட்டக் கேட்டேன். "அடையாளம் தெரியாதுன்னு அர்த்தம்க்கா" ன்னா. யாருக்குத் தெரியாது? அதைச் சொல்லணும்லா? பால்துரை சாருக்குத் தெரியாது, அது சரி. அவரு என்னைக்கு ரெக்கார்டு ரூமுக்குள்ள வந்தாரு? நான் தினம் தொட்டு எடுத்து வச்ச கட்டு எனக்குத் தெரியாமப் போயிருமா? சாயங்காலம் சாயங்காலம் ஒவ்வொரு கட்டா எடுத்து வெயில்ல காய வச்சேன். பட்டா மேல்முறையீட்டுக் கட்டுன்னா ஓரத்துல வரைபடம் மடிச்சு உப்பிக்கிட்டு இருக்கும். கிணத்துத் தகராறு கட்டு ஒல்லியா, நடுவுல விறைப்பா இருக்கும். மூக்குப்பொடி வாடை அடிச்சா அது பழைய ஹெட் கிளார்க்கு பாத்த காலத்துக் கட்டு, இருபது வருஷத்துக்கு முந்தி. முடிச்சு ரெட்டைச் சுத்தா இடது பக்கமா இழுத்து இருந்தா, அது அவிய கட்டின கட்டு. பதினொரு கட்டு அப்படி இருந்துச்சு. அதை அவுக்க மனசே வரல எனக்கு. ரேக்குக்குப் பின்னால நின்னு அழுதேன், பிறகு அவுத்தேன், பிறகு வேற மாதிரி கட்ட மனசில்லாம அதே மாதிரி இடது பக்கமா இழுத்தே கட்டி வச்சேன். இருநூத்திப் பன்னெண்டுல இருநூத்தி நாலு கட்டுக்கு நம்பர் கண்டுபிடிச்சாச்சு. எட்டு மாசம். மேலிடத்துக்கு ரிப்போர்ட்டு எப்படிப் போச்சு தெரியுமா? 'அலுவலகப் பணியாளர்களின் முயற்சியால்'. பணியாளர்களாம்ல, பணியாளர்கள்! ஒருத்தியா நின்னவளைக் கும்பலாக்கிட்டாரு மனுஷன்.

சரி, கோபத்தைப் பிறகு வச்சுக்கோ, மணி பதினொண்ணு அம்பது. வாக்கியம். கைடுல இருக்கிற வாக்கியம் ஒண்ணு மண்டைக்குள்ள வந்து வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. முகத்துத் தழும்பால குற்றவாளி ஐடென்டிஃபையபிள். அதையே எழுதிரலாம். ஆனா இந்த ஹாலுல இருக்கிற நாப்பது பேரும் அந்தக் கைடைத்தான் படிச்சிருக்காவ, நாப்பது பேரும் அந்தத் தழும்புக்காரனையே பிடிச்சுக்கிட்டு வருவாவ, திருத்துறவருக்குச் சிரிப்பு வராதா? சொந்த வாக்கியம்னு சொல்லியிருக்கான். பிரிசில்லா ஒரு வழி சொல்லிக் குடுத்தா. "வாக்கியம் வரலைன்னா பேப்பர்லயே எங்கயாவது அந்த வார்த்தை இருக்கான்னு தேடுங்கக்கா, எப்படிப் போட்டிருக்கான்னு பாத்து அதே மாதிரி மாத்தி எழுதிரலாம்" ன்னா. கேள்வித்தாளை முன்னும் பின்னும் பாத்தேன், இல்ல. விடைப் புத்தகத்து அட்டையில பொடி எழுத்துல இங்கிலீஷுல விதிமுறை ஒம்பது வரி கிடக்கு. முத வரி, ரெண்டாவது வரி, மூணு, நாலு. அஞ்சாவது வரியில இருக்கு! ஐடென்டிஃபையபிள்! பலே பிரிசில்லா, நல்லா இருப்பட்டி. எப்படிப் போட்டிருக்கான்? விடைத்தாளில் எந்தப் பக்கத்திலும் ஐடென்டிஃபையபிள் குறி எதுவும் இடக்கூடாது. ம். இட்டால். இட்டால் அந்த விடைத்தாள் செல்லாது. சரி, நல்ல வாக்கியந்தான், இதை அப்படியே மாத்தி. என்னது? என்ன குறி? பக்கத்தைத் திருப்பு. முத பக்கத்துக்குத் திருப்புட்டி. ஐயோ. உச்சியில, நட்ட நடுவுல, அழகா, மை காஞ்சு பளபளன்னு உக்காந்திருக்கு. பிள்ளையார் சுழி.

நான் எப்பப் போட்டேன்? போட்டதே ஞாபகம் இல்லையே. எனக்கு ஞாபகம் எதுக்கு, கைக்கு இருந்தாப் போதாதா? பலசரக்குச் சீட்டு எழுதினாப் போடுது, பிரிசில்லாவுக்கு 'சாவி டிராயர்ல இருக்கு'ன்னு துண்டுச்சீட்டு எழுதினாக்கூடப் போடுது. பேனா பேப்பர்ல பட்டா முத சுழிச்சல் அதுதான், பிறகுதான் மத்தது எல்லாம். அடப் பாவி கையே, இன்னைக்கு ஒரு நாள் சும்மா இருக்கக்கூடாதா நீ! நெஞ்சு அடிக்கிற அடியில பெஞ்சு ஆடுற மாதிரி இருக்கு. அடிச்சிரவா? அடிச்சா இன்னும் மோசம், சுழி போட்டா சுழி, அடிச்ச சுழின்னா அது தனி அடையாளம்லா. மேல மையை ஊத்திரவா? ஊத்தினா பத்தாயிரம் பேப்பர்ல மை கொட்டின பேப்பர் என்னது மட்டுந்தான். இரு, பதறாத. யோசி. ஐடென்டிஃபையபிள்னா என்ன? அடையாளம் காணத்தக்க. இதை வச்சு என்னை எவன் அடையாளம் காண முடியும்? ஊரே போடுது சுழி. கல்யாணப் பத்திரிகையில போடுதாவ, வீட்டுப் பத்திரத்துல போடுதாவ. எல்லாரும் வச்சிருக்கிற மூக்கை வச்சு ஒருத்தியைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. அப்பம் இது அடையாளமே இல்ல. விதியை எழுதினவனுக்கு என்ன, அவனும் பேப்பர் எடுத்து முதல்ல ஒரு சுழி போட்டுட்டுத்தான் அந்த விதியை எழுதியிருப்பான். சரிதான். ஆனா என்னது அப்படியே ஊரு போடுற மாதிரியா இருக்கு? பாரு, வால் எம்புட்டு நீளம் இழுத்து, அடியில ரெண்டு கோடு வேற. இந்த மாதிரி நான் மட்டுந்தான் போடுவேனோ? போன தடவையும் போட்டிருப்பேனே! போட்டிருப்பேன், கை சும்மாவா இருந்திருக்கும். அதுக்கு மார்க்கு வந்துச்சுல்லா? மார்க்கு போட்டிருக்கான்னா திருத்தியிருக்கான், திருத்தியிருக்கான்னா சுழியைக் கண்டுக்காம விட்டுட்டான். அப்பாடா. ஆனா மூணு மார்க்குல போச்சே? அந்த மூணு இந்தச் சுழிக்குக் குறைச்சதா இருந்தா? செல்லாதுன்னு போட்டா பூராவும்லா போயிருக்கும், மூணு மட்டுமா குறைப்பான்? இல்ல, இரக்கப்பட்டு மூணோட விட்டானோ? இந்தத் தடவை திருத்துறவன் இரக்கப்படாதவனா இருந்தா? பதினாலு பக்கம் எழுதியிருக்கேன், பதினாலும் கோவிந்தா. சுத்திச் சுத்தி அங்கேயே வாரேன். பத்து நிமிஷம் போச்சு. இப்படியே உக்காந்து சுழியைப் பாத்துக்கிட்டு இருந்தா பிள்ளையாரா வந்து எழுதித் தருவாரு?

வீட்டுக்குப் போயி எத்தனை ராத்திரி இதை நினைச்சு உருளப் போற, ஆவுடை? ரிசல்ட்டு வர மூணு மாசம் ஆகும். மூணு மாசமும் 'செல்லுமா, செல்லாதா'ன்னு சாவணும். அதைவிட இப்பமே கேட்டிரு. என்ன ஆகும்? வெளிய போன்னு சொல்லுவாவ. பாப்போமே. எந்திரிச்சேன். நாப்பது தலையும் திரும்புது. காப்பாளரா நிக்கிற டீச்சர், கண்ணாடிக்கு மேலயா பாத்து, "என்னம்மா, தண்ணியா?" ன்னாவ. தண்ணி இல்ல டீச்சர்னு விடைப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு நேரா அவிய மேசைக்கே போயிட்டேன். "டீச்சர், அஞ்சாவது விதியைப் படிச்சேன். நான் தெரியாமப் பிள்ளையார் சுழி போட்டுட்டேன். இது செல்லுமா, செல்லாதா?" எனக்கே என் குரல் உரக்கக் கேட்டுச்சு. "மெல்லப் பேசுங்கம்மா. இதையெல்லாம் இப்ப வந்து கேக்குறீங்களே, எழுதுறதுக்கு முன்னாடியே படிக்கிறது இல்லையா?" ன்னு டீச்சர் சலிச்சுக்கிட்டாவ.  என் கண்ணு அவிய மேசையில இருந்த வருகைத்தாள்ல நின்னுட்டு. ஹால் நம்பர், தேதி, காப்பாளர் கையெழுத்து. அதுக்கெல்லாம் மேல, உச்சியில, நீல மையில ஒரு குட்டிச் சுழி. விரலை அது மேல வச்சேன். டீச்சர் குனிஞ்சு பாத்தாவ. வாயைப் பொத்திக்கிட்டாவ. பிறகு தோளு குலுங்குது, சிரிக்காவ! "ஐயையோ, நானுமா?" ன்னாவ. "கைதான் டீச்சர் போடுது, நம்மளா போடுதோம்" ன்னேன். அதோட அவிய சலிப்பு எல்லாம் போயிட்டு. "நீங்க இங்கேயே நில்லுங்க" ன்னு சொல்லித் தலைமைக் கண்காணிப்பாளரைக் கூப்பிட ஆள் விட்டாவ.

வந்தாரு. வெள்ளைச் சட்டை, சிடுசிடுன்னு மூஞ்சி. என் பேப்பரைப் பாத்தாரு, விதியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "இது செல்லும், செல்லாதுன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா. திருத்துறவங்க முடிவு. வேணும்னா புதுப் புத்தகம் தாரேன், பழசை ரத்து பண்ணிக் கையெழுத்துப் போட்டு நானே வாங்கிக்குவேன். ஆனா ஒரு நிமிஷம்கூட எக்ஸ்ட்ரா கிடையாது. ஒரு மணிக்கு முடிச்சிரணும். யோசிச்சுச் சொல்லுங்க." மணியைப் பாத்தேன். பன்னெண்டு எட்டு. பதினாலு பக்கம், அம்பத்திரண்டு நிமிஷம். "புதுசு குடுங்க சார்" ன்னேன். முன் பெஞ்சுல கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருத்தர் "ஏம்மா, உங்க பேப்பரை நீங்க பாத்துக்கிட்டுப் பேசாம எழுத வேண்டியதுதான? எல்லாரையும் எதுக்குக் கலவரப்படுத்துதிய?" ன்னாரு. சொல்லிட்டு என்ன பண்ணுதாரு? மெதுவா அவரு பேப்பர்ல முத பக்கத்தைத் திருப்பிப் பாக்காரு! பாத்துட்டு, "சார், எனக்கும் ஒண்ணு குடுங்க" ன்னு எந்திரிச்சாரு. ஹாலே கொல்லுன்னு சிரிச்சுட்டு. பிறகு பாக்கணுமே, அங்கங்க பக்கம் திரும்புற சத்தம். "சார், நான் சிலுவை போட்டிருக்கேன்" ங்குது ஒரு பிள்ளை. "சார், எழுநூத்தி எம்பத்தாறு போட்டிருக்கேன், அதுவும் குறியா?" ங்காரு தாடிக்காரர் ஒருத்தர். ஒரு அம்மா 'முருகன் துணை'ன்னு முழுசாவே எழுதி வச்சிருக்கா. எண்ணினாரு, பதினேழு பேரு. சிடுமூஞ்சி சாருக்கே உதடு துடிக்குது. "பதினேழு புத்தகம் கொண்டு வாங்கப்பா" ன்னாரு. நான் மட்டும் எந்திரிச்சிருக்காட்டா அந்தப் பதினாறு பேரும் அதுபாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்பாவ. பெருமையா இருந்துச்சு. அதை எதுக்கு மறைக்கணும், நல்லாவே பெருமையா இருந்துச்சு.

எழுதுட்டி இப்பம். புதுப் பக்கம். கை உச்சிக்குப் போகுது. போகுது பாரு, கழுதை! மடக்கிப் பிடிச்சுக்கிட்டேன். பிள்ளையாரே, மனசுல போட்டுக்கிட்டேன், கோவிச்சுக்காத. முத கேள்வி, தபால் பதிவு. முன்னால எழுதினப்போ கைடு என்ன சொல்லுச்சுன்னு யோசிச்சு யோசிச்சு எழுதினேன். இப்பம் யோசிக்க நேரம் ஏது? நேரா எழுதுதேன். தபால் வந்தா யார் பிரிக்கணும், எதுல பதியணும், எந்த செக்ஷனுக்குப் போகணும், எத்தனை நாள்ல பதில் போகணும். பதினாறு வருஷமா இந்தக் கையாலதான தூக்கிக்கிட்டு ஒவ்வொரு மேசையா அலைஞ்சேன், எனக்குத் தெரியாதா? முதல்ல மூணு பக்கம் வந்தது இப்பம் ஒண்ணரைப் பக்கத்துல முடிஞ்சுட்டு, ஒண்ணும் விடலை. ஏன்ட்டி, இதை முதல்லயே இப்படி எழுதியிருக்கலாம்லா? ரெண்டாவது கேள்வி, பதிவேடு அழிக்கும் விதி. அடேயப்பா, என்கிட்டயா கேக்க! எதை மூணு வருஷம் வைக்கணும், எதைப் பத்து வருஷம், எதை என்னைக்கும் எரிக்கக்கூடாது. எழுதும்போது பால்துரை சார் அந்தச் சிவப்பு மை அட்டையோட நிக்கிறது தெரியுது. நில்லும் சார், அப்படி ஓரமா நில்லும், எழுதிக்கிட்டு இருக்கேன். கட்டை விரல் மரத்துப் போச்சு, மரக்கட்டும். பன்னெண்டு முப்பத்தஞ்சு, மூணாவது கேள்வி முடிஞ்சுது. கட்டம் போட்ட சட்டைக்காரர் நடுவுல திரும்பி என்னைப் பாத்து எத்தனை பக்கம்னு விரலைக் காட்டுதாரு. ஏழுன்னு காட்டினேன். அவருக்கு அஞ்சு. எழுதும் வே, ஏன் திரும்புதீரு! பன்னெண்டு நாப்பத்தெட்டு, வார்த்தைகள் வந்தாச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, கடகடன்னு. ஏழை விட்டுட்டு எட்டு, ஒம்பது, பத்து. பன்னெண்டு அம்பத்தாறு. நாலு நிமிஷம் மிச்சம்! மிச்சம் பிடிச்சிருக்கேன்! மூச்சை விட்டேன். இந்த ஹாலுல இப்பம் என்னைவிடப் பணக்காரி யாரும் இல்ல.

ஏழாவது வார்த்தை. ஐடென்டிஃபையபிள். தழும்புக்காரன் வந்து நின்னான், போடா அந்தப்பக்கம்னு சொல்லிட்டேன். வாக்கியத்தை எங்கேயும் தேட வேண்டியது இல்ல, அது ரெக்கார்டு ரூம்லயே எட்டு மாசமா கிடந்திருக்கு, நான்தான் கைடுல தேடிக்கிட்டு இருந்திருக்கேன். இங்கிலீஷுல நிதானமா, ஒவ்வொரு எழுத்தா எழுதினேன். தமிழ்ல சொன்னா இதுதான்: லேபிள் போன கட்டும், தினம் அதைத் தொட்ட கைக்கு ஐடென்டிஃபையபிள். முற்றுப்புள்ளி வச்சுட்டு ஒரு தடவை வாசிச்சேன். திக்குனு ஆச்சு. இது என்னைக் காட்டிக் குடுத்துருமோ, அஞ்சாவது விதி இதுக்கும் வருமோ? இரு. என் பேரு இதுல இல்ல, ஆபீஸ் இல்ல, ஊரு இல்ல, நம்பர் இல்ல. திருத்துறவருக்கு நான் யாருன்னு தெரியாது. ஆனா இப்படி ஒருத்தி எங்கயோ இருக்கான்னு தெரியும். அதுக்கு எந்த விதியும் கிடையாது. ஒரு மணி அடிச்சுட்டு. "யாரும் எந்திரிக்காதீங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்" ன்னு டீச்சர் வரிசை வரிசையா வந்தாவ. என்கிட்ட வந்து நின்னு, "முடிச்சிட்டீங்களா?" ன்னாவ. "முடிச்சுட்டேன் டீச்சர். முதல்ல எழுதினதைவிட நல்லா எழுதிட்டேன்" ன்னேன். அவிய நின்னுக்கிட்டே ரெண்டு கையாலயும் வாங்கினாவ. பதினாறு வருஷமா நின்னுக்கிட்டே ஃபைல் நீட்டினவ நான், இன்னைக்கு உக்காந்தே குடுத்தேன்.